லிடியா ஓடிப்போன பிறகு: 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' மறுவாசிப்பு

நிலாமுற்றம் எழுதியது:

ஜேன் ஆஸ்டினின் இந்த நாவலை நேற்று இரவு மூன்றாம் முறையாக முடித்தேன். முதல் முறை கல்லூரியில், பரீட்சைக்காக. அப்போது நாயகி எலிசபெத்தும் அவளை விரும்பும் பணக்கார டார்சியும்தான் கண்ணில் பட்டார்கள். இந்த முறை லிடியாவை விட்டு மனம் நகரவே மாட்டேன் என்கிறது.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. பென்னட் வீட்டில் ஐந்து பெண்கள். மூத்தவள் ஜேன், அடுத்தவள் எலிசபெத், கடைக்குட்டி லிடியா. கதை தொடங்கும்போது வயது 15. பக்கத்து ஊரில் தங்கியிருந்த மிலிஷியா என்ற உள்நாட்டுக் காவல் படை பிரைட்டனுக்கு மாறுகிறது. கர்னலின் இளம் மனைவி கூப்பிட்டாள் என்று இவளும் கிளம்புகிறாள். அனுப்பாதீர்கள் என்று எலிசபெத் அப்பாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்க்கிறாள். அனுப்பாவிட்டால் வீட்டில் நிம்மதி இருக்காது, அவளிடம் பணம் இல்லை, அதனால் எவனும் குறிவைக்க மாட்டான் என்று அவர் பேச்சை முடித்துவிடுகிறார். ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை நள்ளிரவு, விக்கம் என்ற அதிகாரியோடு அவள் ஓடிப்போகிறாள்.

போகும்போது தோழிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறாள். வீட்டுக்கு நீ தகவல் சொல்ல வேண்டாம், 'லிடியா விக்கம்' என்று கையெழுத்துப் போட்டு நானே எழுதினால் எல்லோரும் எப்படித் திகைப்பார்கள் என்று குதூகலம். கடைசியில் ஒரு வேலை சொல்கிறாள். பூவேலை செய்த மஸ்லின் கவுனில் பெரிய கிழிசல் இருக்கிறது, பெட்டி கட்டும் முன் அதைத் தைத்து வைக்கும்படி சாலியிடம் சொல் என்று. முன்பு இரண்டு முறையும் இந்த இடத்தில் சிரித்தேன். இப்போது தொண்டை அடைத்தது. கல்யாணம் முடிந்து வீடு திரும்புவோம், துணிமணியைக் கேட்டு வாங்கிக்கொள்வோம் என்று முழுசாக நம்பிய பெண் அப்படி எழுதுவாள். அவள் மனதில் அது கல்யாணப் பயணம்தான்.

கல்யாணம் செய்யாமலே லண்டனில் அவளோடு ஒளிந்திருந்த விக்கமை, டார்சி ரகசியமாகப் பணம் கொடுத்து அவளுக்குக் கட்டிவைத்ததை, எலிசபெத் மேல் அவன் வைத்த காதலின் உச்சம் என்று கொண்டாடுகிறோம். அவளை விரும்பாத ஒருவனிடம் 16 வயதுப் பெண்ணை விலைகொடுத்து ஒப்படைத்தார்கள் என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது. அக்காக்களுக்கு நல்ல இடம் அமைய, தங்கையைப் பலி கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

தபால்பெட்டி எழுதியது:

அக்கா, லிடியாவின் கடிதத்தைச் சொன்னீர்கள். ஜேனின் இரண்டு கடிதங்களை விட்டுவிட்டீர்களே. ஊர் சுற்றப் போன இடத்தில், லாம்டன் சத்திரத்தில் எலிசபெத்துக்கு இரண்டும் ஒன்றாக வந்து சேர்கின்றன. முதலில் எழுதியது வேறு ஊருக்குப் போய்ச் சுற்றிவிட்டு வருகிறது, விலாசத்தை ஜேன் அவ்வளவு மோசமாக எழுதியிருக்கிறாள். தெளிவான கையெழுத்துக்காரி அவள். செய்தி வந்த கணத்தில் கை எப்படி நடுங்கியிருக்கும் என்று அந்த ஒரு குறிப்பிலேயே தெரிந்துவிடுகிறது. முதல் கடிதத்தில், ஸ்காட்லாந்து போயிருக்கிறார்கள், அவசரக் கல்யாணம், ஆனாலும் கல்யாணம் என்ற ஆறுதல் மிச்சம் இருக்கிறது. அடுத்ததில் அதுவும் போய்விடுகிறது.

படையின் கர்னல் ஃபார்ஸ்டர் ஓடிப்போனவர்களைத் தேடிப் போகும் வழியை வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். கிளாபம் வரை தடம் கிடைக்கிறது. எப்சமிலிருந்து வந்த வண்டியை அங்கே திருப்பி அனுப்பிவிட்டு ஹாக்னி கோச்சில் ஏறியிருக்கிறார்கள். அது லண்டன் தெருக்களில் ஓடும் வாடகை வண்டி. 300 மைலுக்கு மேல் வடக்கே போகப் போகிறவன் அதில் ஏன் ஏற வேண்டும்? கர்னல் விடாமல் லண்டனைத் தாண்டிப் போய் சுங்கச்சாவடிகளிலும், பார்னெட், ஹாட்ஃபீல்ட் சத்திரங்களிலும் விசாரிக்கிறார். அப்படி ஒரு ஜோடி அந்தப் பக்கம் வரவே இல்லை. கல்யாணம் செய்யும் எண்ணம் விக்கமுக்கு இல்லை என்பது அந்த வண்டி மாற்றத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது. லிடியாவுக்கு மட்டும் புரியவில்லை.

தேன்சிட்டு எழுதியது:

கர்னல் சத்திரம் சத்திரமாக விசாரிக்கும் இடத்தில் எனக்கு நம் உடன்போக்குப் பாடல்கள்தான் ஞாபகம் வந்தன. தலைவனோடு போய்விட்ட மகளைத் தேடிச் செவிலித்தாய் பாலை வழியில் நடப்பாள், எதிரே வருகிறவர்களை நிறுத்தி இருவரைக் கண்டீர்களா என்று கேட்பாள். ஆனால் செவிலிக்குக் கிடைக்கும் பதில் ஆறுதல் தருவது. கண்டோம், அவர்கள் போனது அறத்தின் வழிதான் என்பார்கள். கர்னலுக்கு, காணவில்லை என்ற பதில்தான்.

'ஸ்கேண்டல்' என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு படி இருக்கிறது. வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், ஊரே வாய்விட்டுப் பேசினால் அலர். பென்னட் வீட்டில் அது அம்பலாக இருந்தது சில நாள்தான். ஜேன் யாருக்கும் சொல்லாமல் அடக்கி வைக்கப் பார்க்கிறாள். அம்மா மாடியில் படுத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி அழுகிறாள், வேலைக்காரர்கள் வழியாகப் பக்கத்து ஊரான மெரிட்டன் முழுக்கப் பரவிவிடுகிறது. மூன்று மாதம் முன்பு விக்கமைத் தேவதை என்று புகழ்ந்த அதே ஊர், இப்போது அவன் தரவேண்டிய கடனைக் கடை கடையாக எண்ணுகிறது.

சட்டப்படி எழுதியது:

ஏன் ஸ்காட்லாந்து என்று சிலருக்குக் கேள்வி இருக்கலாம். இங்கிலாந்தில் 1753ல் வந்த ஹார்ட்விக் திருமணச் சட்டம்தான் காரணம். 21 வயது ஆகாதவர் லைசென்ஸ் வாங்கிக் கல்யாணம் செய்ய வேண்டுமென்றால் தகப்பனார் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணமே செல்லாது. லைசென்ஸ் வேண்டாம் என்றால் மூன்று ஞாயிறு சர்ச்சில் பெயரை வாசித்து அறிவிக்க வேண்டும். பெற்றவர் எழுந்து மறுத்தால் அதோடு நின்றுவிடும். இந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குக் கிடையாது. அங்கே பெண்ணுக்கு 12, பையனுக்கு 14 இருந்தால் போதும், இரண்டு சாட்சிகள் முன் நாங்கள் கணவன் மனைவி என்று சொன்னாலே கல்யாணம். எல்லையைத் தாண்டியதும் வரும் ஊர் கிரெட்னா கிரீன், அதனால்தான் அந்தப் பெயர் அவ்வளவு பிரபலம். 21 நாள் அங்கே வசித்திருக்க வேண்டும் என்று 1856ல் ஒரு சட்டம் வந்த பிறகே அந்த ஓட்டம் குறைந்தது.

லிடியாவுக்கு கிரெட்னா தேவைப்படவில்லை. தகப்பனார் வேறு வழியில்லாமல் சம்மதம் கொடுத்துவிட்டதால் லண்டனில் செயின்ட் கிளெமென்ட்ஸ் சர்ச்சில், ஒரு திங்கட்கிழமை காலை 11 மணிக்கு நடக்கிறது. மாமா கார்டினர் வர ஒரு பத்து நிமிடம் தாமதமாகிறது, அதற்குள் இவள் பதறிப்போகிறாள். அந்தப் பதற்றத்துக்குச் சட்டக் காரணம் உண்டு. அன்று காலை 8 முதல் பகல் 12 வரைதான் கல்யாணம் நடத்தலாம். மணி தப்பினால் அன்றைக்குக் கிடையாது.

கல்தச்சன் எழுதியது:

நிலாமுற்றம் அக்கா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் டார்சி அவளை விலைகொடுத்து ஒப்படைத்தான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அத்தை கார்டினர் எலிசபெத்துக்கு எழுதும் அந்த நீண்ட கடிதத்தைத் திரும்ப ஒரு முறை படியுங்கள்.

டார்சி லண்டனில் முதலில் போய் நிற்பது மிஸஸ் யங் வீட்டு வாசலில். தன் தங்கை ஜார்ஜியானாவை ராம்ஸ்கேட் என்ற ஊரில் விக்கமுக்குப் பிடித்துக் கொடுக்கப் பார்த்தவள் அவள். ஜார்ஜியானாவுக்கும் அப்போது 15தான், பெயரில் 30,000 பவுண்டு. அந்தப் பெண்மணியிடம் போய் இரண்டு மூன்று நாள் கெஞ்சியும் காசு கொடுத்தும் விலாசம் வாங்க வேண்டுமென்றால் டார்சி போன்ற ஒருவனுக்கு எவ்வளவு கூசியிருக்கும். விலாசம் கிடைத்ததும் விக்கமைப் பார்க்கிறான், பிறகு லிடியாவைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறான். அவளிடம் சொல்லும் முதல் வார்த்தை, இவனை விட்டு வா, உன் வீட்டார் ஏற்றுக்கொள்ளும் வரை நான் உதவுகிறேன் என்பதுதான். அவள்தான் மறுக்கிறாள். வீட்டு மனுஷர்கள் யாரும் எனக்கு வேண்டாம், என்றைக்காவது ஒரு நாள் கல்யாணம் நடக்கும், எப்போது நடந்தால் என்ன என்கிறாள்.

ஆகக் கல்யாணம் டார்சியின் முதல் யோசனை கிடையாது. அவள் அங்கிருந்து வர மாட்டேன் என்ற பிறகு மிஞ்சியது அது.

நிலாமுற்றம் எழுதியது:

கல்தச்சன் தம்பி, அந்த இடம் எனக்கு மறந்தே போயிருந்தது, நன்றி. இன்று காலை எடுத்துப் படித்துவிட்டேன். டார்சி மீது நான் வைத்த குற்றத்தில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

மீதிப் பாதி இருக்கிறது. அவள் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் எங்கே வந்திருப்பாள்? காலின்ஸ் என்ற பாதிரியார் அப்பாவுக்கு எழுதும் ஆறுதல் கடிதத்தைப் பாருங்கள். இதற்கு உங்கள் மகள் செத்துப்போயிருக்கலாம் என்கிறார். கல்யாணம் முடிந்த பிறகும், கிறிஸ்தவராக மன்னித்துவிடுங்கள், ஆனால் வீட்டில் சேர்க்காதீர்கள் என்கிறார். கூடப் பிறந்த மேரி, பெண்ணின் மானம் போனால் போனதுதான் என்று பாடம் ஒப்பிக்கிறாள். இவர்களிடம்தானே வந்து சேர வேண்டும்?

1811ல் வந்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில் எலைசா என்ற பெண் வருவாள். அவளைக் கைவிட்டவனைக் கட்டிவைக்க யாராலும் முடியவில்லை. கர்னல் பிராண்டன் அவனோடு துப்பாக்கிச் சண்டை வரைக்கும் போகிறார். அவளையும் குழந்தையையும் கண்காணாத கிராமத்தில் குடிவைக்கிறார்கள், அதற்கு மேல் அவள் பேசி ஒரு வார்த்தை கூட நமக்குக் கேட்பதில்லை. லிடியாவுக்கு இருந்த மறு வழி அதுதான். அந்த 16 வயதுப் பெண்ணுக்கு இது தெரியாது, டார்சிக்குத் தெரியும்.

வரவுசெலவு எழுதியது:

பணக் கணக்கைத் தொடாமல் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது என்பது என் எண்ணம்.

பென்னட்டின் வருமானம் ஆண்டுக்கு 2,000 பவுண்டு. சொத்து ஆண் வாரிசுக்குத்தான் போகும் என்பதால் அவர் காலத்துக்குப் பிறகு பெண்களுக்குக் கிடைப்பது மொத்தம் 5,000 பவுண்டு. லிடியாவின் பங்கு 1,000. அதன் மதிப்பைக் காலின்ஸே எலிசபெத்திடம் கல்யாணம் கேட்கும்போது சொல்லிக் காட்டியிருக்கிறார்: நாலு சதவீத வட்டிப் பத்திரத்தில் ஆயிரம் பவுண்டு, அதுவும் அம்மா காலத்துக்குப் பிறகு. அதாவது ஆண்டுக்கு 40 பவுண்டு. விக்கம் கேட்பதாக அப்பாவுக்குக் கடிதம் வருகிறது: அந்தப் பங்குக்கு உறுதி, அவர் உயிரோடு இருக்கும் வரை ஆண்டுக்கு 100 பவுண்டு. இவ்வளவுதானா என்று பென்னட்டுக்கே சந்தேகம் வருகிறது. 10,000க்கு ஒரு காசு குறைந்தாலும் இவளைக் கட்டிக்கொள்கிறவன் முட்டாள், வேறு யாரோ பெரிய தொகை கொடுத்திருக்க வேண்டும் என்று உடனே புரிந்துகொள்கிறார். மைத்துனர் கார்டினர் என்று நினைத்துக்கொள்கிறார், ஆள் மட்டும்தான் தப்பு.

டார்சி கொடுத்தது: விக்கமின் கடன் 1,000 பவுண்டுக்கும் மேலே, லிடியா பெயரில் இன்னொரு 1,000, நிரந்தரப் படையில் ஒரு பதவிக்கான விலை. இதே விக்கமுக்கு டார்சியின் தகப்பனார் 1,000 பவுண்டு எழுதி வைத்திருந்தார். அவர் தரச் சொல்லியிருந்த பாதிரியார் பதவிக்குப் பதிலாக வேறு 3,000 வாங்கிக்கொண்டு அதையும் கரைத்துவிட்டான். அப்படிப்பட்டவனிடம் உட்கார்ந்து பேரம் பேசுவது டார்சிக்கு எளிதாக இருந்திருக்காது. பணத்தை விட அந்த உட்காருதல்தான் பெரிய விலை என்று எனக்குப் படுகிறது.

பென்னட்டின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு கொடுப்பதால் தனக்கு உண்மையில் கூடுதல் செலவு 10 பவுண்டு கூட வராது என்று கணக்குப் போடுகிறார். சாப்பாடு, கைச்செலவு, அம்மா ரகசியமாகக் கொடுப்பது எல்லாம் சேர்த்தால் முன்பே அவ்வளவு ஆகிக்கொண்டிருந்ததாம். இந்த இடத்தில் அவர் மேல் வரும் கோபம் எனக்கு விக்கம் மேல் கூட வருவதில்லை.

தொடர்பில்லாத ஒன்று, ஆனால் மனதை விட்டுப் போகவில்லை. 1813 ஜனவரி 28ல் வெளிவந்த இந்த நாவலின் முழு உரிமையையும் ஆஸ்டின் 110 பவுண்டுக்கு விற்றார். விக்கமின் கடனில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் அது.

சட்டப்படி எழுதியது:

வரவுசெலவு ஐயா சொன்னதில் ஒரு வார்த்தை முக்கியம், லிடியா 'பெயரில்' 1,000. கல்யாணமான பெண்ணின் கையில் இருக்கும் பணம் அந்தக் காலச் சட்டப்படி அப்படியே கணவனுக்குப் போய்விடும். மனைவி தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ள முழு உரிமை 1882 சட்டத்தில்தான் வந்தது. அதற்கு முன் ஒரே காப்பு, கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக்கொள்ளும் செட்டில்மென்ட், அதாவது பணத்தை அவளுக்கென்று ஒதுக்கிவைக்கும் பத்திரம். கடனை அடைத்ததும் பதவி வாங்கியதும் விக்கமுக்கு. செட்டில்மென்ட் லிடியாவுக்கு, விக்கம் சூதாடித் தொலைக்க முடியாதபடி. விலைகொடுத்துத் தள்ளிவிடுகிறவன் இந்த மூன்றாவதைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

புதுவாசகி எழுதியது:

நான் இப்போதுதான் 47ஆம் அத்தியாயத்தில் இருக்கிறேன், முடிவு ஏற்கனவே தெரியும் என்பதால் பரவாயில்லை. விக்கம் எப்படிப்பட்டவன் என்று எலிசபெத்துக்கு ஏப்ரலிலேயே தெரியுமே? டார்சி கடிதத்தில் ராம்ஸ்கேட் விஷயம் முழுக்க எழுதியிருந்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லிடியா தப்பித்திருப்பாளே?

கல்தச்சன் எழுதியது:

நாவலின் நெஞ்சே அதுதான் தங்கச்சி. எலிசபெத்தும் ஜேனும் உட்கார்ந்து பேசி, எப்படியும் படை ஊரை விட்டுப் போகிறது, நாம் எதற்கு அவன் பெயரைக் கெடுக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். டார்சி தங்கையின் பெயருக்காக வாயை மூடிக்கொண்டான். ஊர்ப்பேச்சுக்குப் பயந்து ஒரு பெண்ணைக் காத்த மௌனம் இன்னொரு பெண்ணைக் குழியில் தள்ளியது. டார்சி கார்டினர் அத்தையிடம் இதையேதான் சொல்கிறான், என் மௌனத்தால் வந்தது, நான்தான் சரிசெய்ய வேண்டும் என்று. எலிசபெத்தும் தன்னைத்தான் நொந்துகொள்கிறாள். இருவரும் ஒரே தப்பைச் செய்து ஒரே குற்ற உணர்வைச் சுமந்தவர்கள். அவர்கள் கல்யாணம் எனக்கு நம்பும்படி இருப்பதற்கு அது ஒரு காரணம்.

கோட்டைவாசல் எழுதியது:

நிஜத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1809ல் லார்ட் பேஜெட், ஹென்றி வெல்லெஸ்லியின் மனைவி சார்லட்டோடு ஓடிப்போனார். இருவருக்கும் வேறு வேறு குடும்பம், குழந்தைகள். சார்லட்டின் அண்ணன் பேஜெட்டைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். கணவர் நஷ்டஈடு வழக்குப் போட்டு ஜெயித்தார். பிறகு பார்லிமென்டில் தனிச் சட்டம் போட்டு 1810ல் விவாகரத்து. 1857 வரை மறுமணம் செய்யும் உரிமையோடு முழு விவாகரத்து வேண்டுமென்றால் அதுதான் வழி, பணக்காரர்களுக்கு மட்டுமே முடிந்த காரியம்.

இதில் அடிபட்ட கணவர், தளபதி வெல்லிங்டனின் தம்பி. அதனால் ஸ்பெயின் போரில் வெல்லிங்டனின் கீழே பேஜெட்டுக்கு இடம் இல்லாமல் போனது. ஆனால் 1815ல் வாட்டர்லூ போரில் குதிரைப்படைத் தலைமை அவருக்குத்தான். அங்கே காலை இழந்தார், சில வாரத்தில் மார்க்விஸ் பட்டம் வந்தது. சிறந்த வீரர், அதில் சந்தேகமே இல்லை. ஆணுக்கு இப்படி ஒரு போர்க்களம் திறந்திருந்தது, எழுந்து நிற்க. 1814ல் வந்த 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'கில் கணவனை விட்டுப் போன மரியாவுக்கு என்ன கிடைக்கிறது? விவாகரத்து, பிறகு தொலைதூரத்தில் ஒரு வீடு, கூட அந்த நாரிஸ் பெரியம்மா. அவளோடு போன ஹென்றிக்கு அப்படி ஒரு தண்டனையை உலகம் கொடுக்கவில்லை என்று ஆஸ்டினே அங்கே நேராக எழுதுகிறார்.

தபால்பெட்டி எழுதியது:

லிடியா கல்யாணமாகி வீட்டுக்கு வரும் காட்சியைப் பற்றி யாருமே பேசவில்லையே! வெட்கமோ வருத்தமோ துளி இல்லை. சாப்பாட்டு அறைக்குப் போகும்போது மூத்த அக்காவைத் தள்ளிவிட்டு, இனி உன் இடம் எனக்கு, நான் கல்யாணமானவள் என்று அம்மாவின் வலப்பக்கம் போய் நடக்கிறாள். பலி என்கிறீர்கள், அவள் வெற்றி என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறாள்?

நிலாமுற்றம் எழுதியது:

தபால்பெட்டி, அங்கேதான் எனக்கு அவள் மேல் பாசம் கூடியது. கல்யாண நாள் காலையை அவள் விவரிக்கிறாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பிரசங்கம் மாதிரி புத்தி சொல்லிக்கொண்டே இருக்கிறாள், இவள் காதில் பத்தில் ஒரு வார்த்தைதான் விழுகிறது. விக்கம் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவாரா என்ற நினைப்பிலேயே இருந்தேன் என்கிறாள். அதே மூச்சில், மாமா வராவிட்டாலும் மிஸ்டர் டார்சி இருந்தாரே என்று உளறிவிடுகிறாள். ஐயையோ, சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்களே என்று நாக்கைக் கடிக்கிறாள். எலிசபெத் அத்தைக்கு எழுதி உண்மையைக் கேட்பது அதனால்தான். லிடியாவுக்கு வாய் நிற்காது என்பதால் மட்டுமே அந்தக் காதல் வெளியே தெரிந்தது. இல்லையென்றால் டார்சி செய்தது விஷயம் தெரிந்த சிலரோடு புதைந்திருக்கும்.

சரி, பலி என்ற வார்த்தையை நான் விட்டுவிடுகிறேன். சட்டப்படி சொன்ன செட்டில்மென்ட் விஷயம் என்னை மாற்றிவிட்டது. அவளுக்கு இருந்த இரண்டு வழியிலும் நல்லது எது என்று டார்சி அவளையே கேட்டிருக்கிறான், அவள் கேட்டதைக் கொடுத்தபோது கூடவே கொஞ்சம் பாதுகாப்பும் சேர்த்துக் கொடுத்திருக்கிறான். அவள் கேட்டது கெட்டது என்பதுதான் துயரம்.

கடைசி அத்தியாயத்தையும் இன்று மறுபடி பார்த்தேன். விக்கமின் அன்பு சீக்கிரமே வற்றிவிடுகிறது, அவளுடையது கொஞ்ச நாள் தாங்குகிறது. வீடு வீடாக மாறுகிறார்கள், எப்போதும் கடன். எலிசபெத் இதற்காக டார்சியிடம் கேட்பதில்லை. தன் கைச்செலவில் மிச்சம் பிடித்துத் தங்கைக்கு அனுப்புகிறாள். டார்சியின் மாளிகையான பெம்பர்லியின் வாசல் விக்கமுக்குக் கடைசி வரை திறக்கவில்லை. அவன் லண்டனுக்கோ பாத் நகருக்கோ உல்லாசமாகப் போய்விடும்போது லிடியா மட்டும் எப்போதாவது அங்கே வருகிறாள்.